வாசகர் கேள்வி – பதில்: எந்தக் குழந்தையை வைத்து எந்தக் குழந்தையை அளப்பது?

குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்வு முடிவுகள் ஓரிடத்தில் கிடைத்தவை என்பதால் மற்ற இடங்களுக்கும் அப்படியே பொருந்திவிடுமா என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பியிருக்கின்றன. சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): என் மகளுக்கு 13 மாதம். இன்னும் தனியாக நடக்கவில்லை. அவள் தவழ்ந்ததே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்துகொண்டிருந்தவள், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோழியின் மகன் 10 மாதத்திலேயே நடந்துவிட்டான். என் கைப்பேசியில் இருக்கும் செயலி ‘தாமதம்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஐயப்பட வேண்டியது அந்தச் செயலியைத்தான், குழந்தையை அல்ல. கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த 816 குழந்தைகளை உலகச் சுகாதார நிறுவனம் சீரான இடைவெளியில் பார்த்துப் பதிவு செய்து, உட்காருதல், நிற்றல், நடத்தல் ஆகியவற்றுக்கான வயது எல்லைகளை 2006-இல் வெளியிட்டது. அதன்படி, துணையின்றி நடப்பதற்கான எல்லை 8.2 மாதத்தில் தொடங்கி 17.6 மாதத்தில் முடிகிறது. எட்டு மாதம் கடந்ததும் நடந்த குழந்தையும், பதினேழு மாதம் வரை நடக்காமல் இருந்த குழந்தையும் இயல்பு என்னும் ஒரே வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். தவழ்வதைப் பற்றியும் அந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறது: 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழவே இல்லை. நேரே அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். உங்கள் மகளும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவளாக இருக்கலாம்.

‘இந்த மாதத்தில் இது’ என்று வயதுக்கு ஒரு கோடு போட்டுவைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெசல் 1920-களிலும் 30-களிலும் வகுத்த அட்டவணைகளிலிருந்து பிறந்தது அது. அவர் பார்த்த குழந்தைகள் பெரும்பாலும் நியூ ஹேவன் நகரத்து நடுத்தர வெள்ளையர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். உடலுக்குள் இருக்கும் ஒரு கடிகாரமே எல்லாவற்றையும் நடத்துகிறது என்பது அவர் கருத்து. அந்தக் கடிகாரத்தின் முள்ளை வளர்ப்பு முறையால் நகர்த்த முடியும் என்பதை 1976-இல் சார்லஸ் சூப்பர் காட்டினார். மேற்குக் கென்யாவில் கிப்சிகிஸ் மக்களின் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே உட்கார்ந்தார்கள், நடப்பதிலும் முந்தினார்கள். தாய்மார்கள் தரையில் ஒரு சிறு குழி தோண்டி, முதுகுக்குத் தாங்கல் கிடைக்கும்படி குழந்தையை அதில் உட்காரவைத்துப் பழக்கியதே இதற்குக் காரணம். நடக்கவும் அப்படியே கற்றுக்கொடுத்தார்கள். தவழ்வதை யாரும் பழக்கவில்லை; அதில் அந்தக் குழந்தைகள் முந்தவும் இல்லை. குழந்தை தானாகவே செய்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பின்னால் பெரியவர்களின் கை இருந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் படித்ததில்லை.

இதற்கு நேர்எதிரான இடமும் உண்டு. தஜிகிஸ்தானில் கஹ்வோரா என்னும் மரத்தொட்டிலில் குழந்தையைக் கைகால் அசையாதபடி துணியால் கட்டி, நாளின் பல மணி நேரம் படுக்கவைக்கிறார்கள். அங்கே குழந்தைகள் நடக்கத் தொடங்குவது, நான் மேலே சொன்ன உலகச் சுகாதார நிறுவன ஆய்வின் குழந்தைகளைவிடப் பொதுவாகத் தாமதமாகத்தான். ஆனால் 4, 5 வயதில் ஓடுவதிலும் தாவுவதிலும் அவர்களைப் பிற குழந்தைகளிடமிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள் வேறு: 18 மாதம் நிறைந்தும் நடக்காமல் இருப்பது, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்துவது, உடல் மிகத் துவண்டோ விறைத்தோ இருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விட்டுவிடுவது. கடைசியாகச் சொன்னது நேர்ந்தால் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி (ஒரு தாத்தா): பேரனின் உயரம் வளர்ச்சி வரைபடத்தில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கிறது என்கிறார்கள். அந்த வரைபடம் வெள்ளைக்காரக் குழந்தைகளை வைத்துப் போட்டதுதானே? நம் பரம்பரை உடல்வாகு குள்ளம் என்பதை அது எப்படி அறியும்?

பதில்: ஐயா, முன்பு புழக்கத்தில் இருந்த வரைபடத்தைப் பற்றி இப்படிக் கேட்டிருந்தால் நீங்கள் சொல்வது சரி. 1977-இல் வெளிவந்த அந்த வரைபடத்தின் குழந்தைப் பருவப் பகுதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை வைத்துப் போடப்பட்டது. தாய்ப்பால் குடித்து நன்றாக வளரும் குழந்தைகூடச் சில மாதங்களுக்குப் பின் பின்தங்குவதுபோல அதில் தோன்றியதால், தேவையில்லாமல் தாய்ப்பாலை நிறுத்தச் சொன்ன கதைகளும் உண்டு.

இப்போது இருப்பது அது அன்று. 1997 முதல் 2003 வரை பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, இந்தியாவின் தெற்கு தில்லி, நார்வேயின் ஆஸ்லோ, ஓமானின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ் ஆகிய ஆறு இடங்களில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கியது. வறுமை வளர்ச்சியைத் தடுக்காத, தாய் புகைபிடிக்காத, தாய்ப்பால் ஊட்டிய குடும்பங்களை மட்டுமே அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். தில்லிக் குழந்தையும் ஆஸ்லோக் குழந்தையும் எவ்வளவு வேறுபடுவார்கள் என்று பார்க்கத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். நீளத்தில் காணப்பட்ட மொத்த வேறுபாட்டில் ஊருக்கும் ஊருக்கும் இடையிலானது 3 விழுக்காடுதான். ஒரே ஊரில் குழந்தைக்கும் குழந்தைக்கும் இடையிலானது 70 விழுக்காடு. தனிக் குழந்தையின் உயரத்தில் பெற்றோரின் உடல்வாகுக்குப் பங்கு உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் குழந்தைகள் கூட்டமாகவே கோட்டுக்குக் கீழே நிற்பார்களானால், முதல் ஐந்து வயதைப் பொறுத்தவரை, பரம்பரையைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. உணவு, நோய்த்தொற்று, தாயின் உடல்நலம் ஆகியவற்றையே பார்க்க வேண்டும்.

இந்த உயரக் கணக்கில் இவ்வளவு அக்கறை ஏன் என்றும் நீங்கள் கேட்கலாம். நடு அமெரிக்காவின் குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிராமங்களில் அட்டோலே என்னும் புரதம் மிகுந்த கஞ்சியும், மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானமும் நாள்தோறும் பொது இடத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டன. அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு தேடிப்பிடித்துப் பார்த்தபோது, பிறந்து இரண்டு வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி சராசரியில் 46 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மூன்று வயதுக்குப் பிறகு மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பயன் இல்லை. பெண்களின் கூலியில் வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் படித்த வகுப்புகளின் எண்ணிக்கை ஒன்றுக்குச் சற்று மேலாகக் கூடியிருந்தது. படித்த பெண்ணுக்கு அங்கே என்ன வேலை கிடைத்தது என்ற கேள்வியையும் இந்த எண் கேட்காமல் கேட்கிறது.

கழிப்பறையும் தூய நீரும் கொடுத்தால் உயரம் தானாகக் கூடும் என்று வெகுகாலம் நம்பியிருந்தோம். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்து 2018, 2019-இல் முடிவுகள் வெளிவந்த பெரிய சோதனைகளில், ஊட்டச்சத்துச் சேர்க்கை நீளத்தைச் சிறிது கூட்டியது. தண்ணீர், துப்புரவு ஏற்பாடுகள் கூட்டவில்லை. துப்புரவு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். சோதனையில் கொடுத்த எளிய ஏற்பாடுகள், கிருமி நிறைந்த சூழலிலிருந்து குழந்தையைக் காக்கப் போதவில்லை என்பதே பலரின் விளக்கம்.

கேள்வி (வேலைக்குப் போகும் தாய்): மூன்று வயதுக்குள் குழந்தை கோடிக்கணக்கான சொற்களைக் கேட்க வேண்டுமாம். நான் இயல்பாகவே அதிகம் பேசாதவள். வீட்டில் இரண்டு மொழிகள் வேறு. மொழி கற்பிக்கும் காணொளிகளைப் போட்டுவிடட்டுமா?

பதில்: வசதியான வீட்டுக் குழந்தையைவிட ஏழை வீட்டுக் குழந்தை கேட்கும் சொற்கள் அவ்வளவு குறைவு என்னும் பொருளில் ‘மூன்று கோடிச் சொல் இடைவெளி’ என்று உலகெங்கும் பரவிய அந்த எண், அமெரிக்காவின் கான்சஸில் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் 42 குடும்பங்களில் மாதத்துக்கு ஒரு மணி நேரம் ஒலிப்பதிவு செய்து 1995-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பெருக்கி எடுத்தது. அந்த 42-இல் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் ஆறே ஆறு. அங்கிருந்து ஏழைத் தாய்மார்கள் எல்லோரும் பேசுவதில்லை என்று முடிவு கட்டியவர்கள், வீட்டில் சுற்றியிருப்பவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைக் குழந்தை காது கொடுத்துக் கேட்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வில் அதையும் சேர்த்து எண்ணியபோது அந்தப் பெரிய இடைவெளி காணப்படவில்லை. ஒரே வருவாய்ப் பிரிவுக்குள்ளேயே வீட்டுக்கு வீடு பெரும் வேறுபாடு இருந்தது.

மெக்சிகோவின் சியாப்பாஸ் மலைப்பகுதியில் செல்த்தால் மாயா மொழி பேசும் சிற்றூர் ஒன்றில், குழந்தையை நேராகப் பார்த்துப் பேசும் பேச்சு மணிக்கு 3.6 நிமிடம்தான் என்று 2020-இல் வெளியான ஒரு பதிவு காட்டியது. அந்தக் குழந்தைகள் மழலை ஒலிகளையும் முதற்சொற்களையும் மற்ற இடங்களில் எதிர்பார்க்கப்படும் காலத்திலேயே எட்டினார்கள். ஆதலால் இயல்பாக அதிகம் பேசாத உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை. அதற்காகக் குழந்தையோடு பேசுவதில் பயனில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். பள்ளி வகுப்பறை எதிர்பார்க்கும் வகைச் சொல்வளத்துக்கு, முகம் பார்த்துப் பேசும் பேச்சு உதவுகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு.

இரண்டு மொழிகளைப் பற்றி அஞ்சாதீர்கள். ஒவ்வொரு மொழியிலும் தெரிந்த சொற்களைத் தனித்தனியே எண்ணினால் குறைவாகத் தோன்றும். இரண்டையும் கூட்டினால் ஒருமொழிக் குழந்தைக்கு ஈடாக வரும். குழந்தைகளின் காது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 1984-இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வைத் தமிழர்கள் தனி மகிழ்ச்சியோடு படிக்கலாம். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கு அவர்கள் இந்தியிலிருந்து இரண்டு ஒலிகளை ஒலிக்கவிட்டார்கள்: ஒன்று பல்லைத் தொட்டுப் பிறக்கும் நம் ‘த’ போன்றது, மற்றொன்று நாவை மடித்துப் பிறக்கும் ‘ட’ போன்றது. 6 முதல் 8 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் வேறுபாட்டை உணர்ந்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் மங்கிவிட்டது. நம் பெயர்களை அயலார் உச்சரிக்கத் தடுமாறும்போது, ஒரு வயது நிறைவதற்குள் மூடத் தொடங்கிய கதவு அது என்று நினைத்துக்கொள்வேன்.

காணொளிக் கேள்விக்கும் நேரான விடை இருக்கிறது. பாட்ரிசியா கூல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட சோதனையில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் சீனம் பேசுவோர் 12 முறை, முறைக்கு 25 நிமிடம், தரையில் உட்கார்ந்து புத்தகம் காட்டியும் பொம்மை காட்டியும் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தறிந்தார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் என்று வேறொரு குழுவுக்குக் காட்டியபோது குழந்தைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள்; கற்றது ஒன்றுமில்லை. உங்கள் அரைமணி நேரச் சுருக்கப் பேச்சு அந்தக் காணொளியைவிட மேல்.

கேள்வி (ஒரு வாசகர்): மூன்று வயதுக்குள் மூளை முழுவதும் உருவாகிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை. மூளையின் பருமன் ஐந்து வயதுக்குள் பெரியவர்களின் அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. ஆனால் உள்ளே இணைப்புகள் கூடுவதும் கழிவதும் இருபது வயதைத் தாண்டியும் நடக்கின்றன. தொடக்க காலம் எந்த அளவுக்கு முக்கியம் என்பதைக் கடுமையான முறையில் காட்டியது ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ஐ ஒட்டித் தொடங்கிய ஆய்வு. அரசு விடுதிகளில் கிடந்த, 6 முதல் 31 மாதம் வரையிலான 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் கூடியது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு மிகுதியாகக் கூடியது. பின்னால் போனவர்களும் விடுதியிலேயே தங்கியவர்களைவிடப் பல வகையில் தேறினார்கள். எனவே ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்பதை அழித்துவிட்டு ‘செலவும் உழைப்பும் கூடும்’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மற்றொரு தாய்): பகல் முழுவதும் மகனைப் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். மாலையில் நான் வந்தால் அவன் என்னிடம் ஓடிவருவதில்லை. பிணைப்பு அறுந்துவிட்டதா?

பதில்: இல்லை. குழந்தை ஒரே ஒருவரிடம்தான் ஒட்டும் என்ற கருத்து, தாய் மட்டுமே நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் குடும்பங்களைப் பார்த்துப் பிறந்தது. இத்தனைக்கும், இத்துறைக்கு அடித்தளமிட்ட மேரி எயின்ஸ்வொர்த் தம் முதல் கள ஆய்வை 1954-55-இல் உகாண்டாவின் சிற்றூர்களில்தான் செய்தார். பின்னர் அமெரிக்காவில் அவர் வகுத்த சோதனையில், தாய் சில நிமிடம் அறையை விட்டு வெளியேறித் திரும்புவார். குழந்தை எப்படி வரவேற்கிறது என்பதைப் பார்ப்பார்கள். ஜப்பானின் சப்போரோவில் இதே சோதனையைச் செய்தபோது பல குழந்தைகள் தேற்ற முடியாதபடி அழுதார்கள். ஒரு நொடிகூடத் தனியே விடப்பட்டுப் பழகாதவர்கள் அவர்கள். அந்த அழுகையைப் பிணைப்புக் கோளாறு என்று எழுதியது சோதனை. 1988-இல் 8 நாடுகளின் 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருக்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று கண்டார்கள். உங்கள் மகனுக்கு இரண்டு அடைக்கலங்கள் இருக்கின்றன. அவன் விழுந்தால், அஞ்சினால், உங்கள் இருவரில் ஒருவரையாவது தேடுகிறானா என்பதை மட்டும் பாருங்கள்.

கேள்வி (மழலையர் பள்ளி ஆசிரியை): குழந்தை முன் ஓர் இனிப்பை வைத்து, பொறுத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொல்லும் சோதனையை எங்கள் பள்ளியில் செய்து, பொறுக்காதவர்களின் பெயரைப் பெற்றோரிடம் தெரிவிக்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியல்ல என்று பள்ளியில் என் பெயரைச் சொல்லியே தெரிவிக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் 1960-களின் இறுதியில் வால்டர் மிஷல் தொடங்கிய சோதனை இது. பொறுத்திருக்கும் குழந்தை பிற்காலத்தில் சிறக்கும் என்று பல்கலைக்கழக வளாகத்துக் குழந்தைகளை வைத்துப் பிறந்த பெரும் நம்பிக்கை, 2018-இல் மிகப் பரந்த பின்னணி கொண்ட குழந்தைகளிடம் பார்த்தபோது பாதியாகச் சுருங்கியது. குடும்பச் சூழலையும் முன்திறனையும் கணக்கில் கொண்டதும் இன்னும் சுருங்கியது.

பொறுமை என்று நாம் பெயரிட்டது உண்மையில் என்ன என்பதை 2013-இல் வெளியான ரோச்செஸ்டர் பல்கலைக்கழகச் சோதனை ஒன்று விளக்குகிறது. 28 குழந்தைகள். ஆய்வாளர் தேய்ந்துபோன வண்ணக்கோல்களை மேசையில் வைத்து, ‘சற்றுப் பொறு, இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லிப் போவார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மறுபாதிக்கு வெறுங்கையோடு திரும்பி, ‘இல்லாமல் போய்விட்டது, மன்னித்துக்கொள்’ என்றார். அதன் பிறகே இனிப்பு வந்தது. சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். வாக்குத் தவறும் பெரியவரிடம் கையிலிருப்பதைத் தின்றுவிடுவது அறிவுடைமைதானே?

கேமரூன் நாட்டில் இன்சோ உழவர் குடும்பங்களின் நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் இறுதிவரை காத்திருந்தார்கள். ஜெர்மானியக் குழந்தைகளில் 28 விழுக்காட்டினர். பெரியவர் சொல்லுக்குக் காத்திருப்பது அங்கே நாள்தோறும் பழகும் ஒழுக்கம். ஜப்பானையும் அமெரிக்காவையும் ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சுவையானது: உண்ணும் பொருளுக்கு ஜப்பானியக் குழந்தைகளும், தாளில் சுற்றிய பரிசுப் பொருளுக்கு அமெரிக்கக் குழந்தைகளும் நெடுநேரம் காத்திருந்தார்கள். எல்லோரும் பரிமாறப்பட்ட பின்னரே உண்பது ஓரிடத்து வழக்கம்; பிறந்தநாள் பரிசை உடனே பிரிக்காமல் வைத்திருப்பது மற்றோரிடத்து வழக்கம். உங்கள் பள்ளி எதை அளந்து பெற்றோரிடம் எழுதுகிறது என்று தலைமையாசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவி): வெளிநாட்டு வளர்ச்சிச் சோதனை ஒன்றை மொழிபெயர்த்துப் பயன்படுத்தப் போகிறேன். மொழிபெயர்ப்பை இருவர் சரிபார்த்துவிட்டார்கள். இது போதுமா?

பதில்: போதாது. ராபர்ட் செர்ப்பெல் 1979-இல் வெளியிட்ட ஆய்வை மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். சாம்பியாவின் லுசாக்கா, இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆகிய இரு நகரங்களின் சிறாரிடம் ஒரே வடிவத்தைப் படியெடுக்கச் சொன்னார். தாளும் எழுதுகோலும் கொடுத்தபோது மான்செஸ்டர்ச் சிறார் முந்தினார்கள். வளைக்கக்கூடிய கம்பியைக் கொடுத்தபோது லுசாக்காச் சிறார் முந்தினார்கள். பழைய கம்பிகளை வளைத்து வண்டி பொம்மை செய்வது அவர்கள் தெருவில் அன்றாட விளையாட்டு. களிமண் கொடுத்தபோது இருவரும் சமம். வடிவத்தைக் கண்ணால் கண்டு கையால் திரும்பச் செய்யும் திறன் ஒன்றுதான். தாளை மட்டும் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தால் லுசாக்காச் சிறாரின் ‘காட்சித்திறன் குறைபாடு’ பற்றி ஒரு கட்டுரை வெளிவந்திருக்கும். அப்படி வெளிவந்த கட்டுரைகள் நூலகங்களில் நிறைய இருக்கின்றன.

எதை அறிவு என்று கொள்வது என்பதிலும் இதே சிக்கல் உண்டு. கிழக்குச் சாம்பியாவின் செவா மொழியில் ‘ன்செலு’ என்னும் சொல் அறிவைக் குறிக்கும். ஆனால் பொறுப்பில்லாத குழந்தையை எவ்வளவு சுறுசுறுப்பாக விடை சொன்னாலும் அச்சொல்லால் பாராட்டமாட்டார்கள். ஆகவே செர்ப்பெல் ஊர்ப் பெரியவர்களிடம் ‘எந்தக் குழந்தை அறிவாளி?’ என்று கேட்காமல், ஒரு முக்கியமான வேலையை நம்பி ஒப்படைத்து எந்தக் குழந்தையை அனுப்புவீர்கள் என்று கேட்டார். அவர்கள் கொடுத்த தரவரிசை, உளவியல் சோதனைகளின் தரவரிசையோடு ஒத்துப்போகவில்லை.

மலாவி நாட்டில் வேறு வழியைக் கையாண்டார்கள். வெளியிலிருந்து வந்த சோதனைகளின் உருப்படிகளை உள்ளூர் மக்களோடு உட்கார்ந்து சலித்து, பொருந்தாதவற்றை நீக்கி, புதியன சேர்த்து, 6 வயது வரையிலான 1,426 குழந்தைகளிடம் பார்த்த பிறகே 2010-இல் தம் சோதனையை வெளியிட்டார்கள். நீங்களும் முதலில் முப்பது குழந்தைகளிடம் முன்னோட்டம் நடத்துங்கள். எல்லோரும் தவறும் உருப்படியையும், எல்லோரும் சரியாகச் செய்யும் உருப்படியையும் தனியே எடுத்துவைத்து, அந்தப் பொருளைக் குழந்தைகள் இதற்குமுன் கையில் தொட்டிருக்கிறார்களா என்று தாய்மார்களைக் கேளுங்கள். ஆய்வேட்டில் ஓராண்டு கூடினாலும் பரவாயில்லை.

கேள்வி (ஒரு தந்தை): நான்கு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்காவிட்டால் பின்தங்கிவிடுவானா?

பதில்: நியூசிலாந்தில் 5 வயதில் படிக்கத் தொடங்கியவர்களையும் 7 வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டபோது, 11 வயதுக்குள் வாசிப்பில் வேறுபாடு மறைந்துவிட்டது. ஃபின்லாந்தில் பள்ளியே 7 வயதில்தான் தொடங்குகிறது. ‘மழலையர் கல்வி’ என்ற பெயர் மட்டும் பயன் தந்துவிடாது. அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-இல் 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளோடு தொடங்கிய பெர்ரி பள்ளிச் சோதனையில் அறிவுத்திறன் மதிப்பெண் ஆதாயம் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. வேலையும் வருவாயும் மட்டும் நாற்பது வயதில் கூடியிருந்தன. அதே நாட்டின் டென்னசி மாநிலத்தில் ஏறக்குறைய 3,000 குழந்தைகளிடம் நடந்த சோதனையிலோ, அரசு மழலையர் வகுப்புக்குப் போனவர்கள் ஆறாம் வகுப்பில் போகாதவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். பெர்ரியில் ஆறேழு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். வாரம் ஒருமுறை வீட்டுக்கும் சென்றார். நீங்கள் பார்த்துவைத்திருக்கும் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள் என்று எண்ணிவிட்டு வாருங்கள்.

கேள்வி (தன்னார்வலர்): ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளை வீடு தேடிச் சென்று விளையாடவைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்குகிறோம். நாங்கள் இருவர், குழந்தைகள் 40 பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒருமுறை போவதாக ஏற்பாடு. இதனால் பயன் இருக்குமா?

பதில்: நோக்கம் நல்லது, ஏற்பாட்டை மாற்றச் சொல்வேன். இத்துறையில் எல்லோரும் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசும் சோதனை, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் 1986-87-இல் சாலி கிரந்தம்-மெக்கிரெகரும் குழுவினரும் தொடங்கியது. 9 முதல் 24 மாதம் வரையிலான, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் 1 கிலோ பால்மாவு. ஒரு குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளரின் வருகை. ஒரு குழுவுக்கு இரண்டும். ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. வந்த பணியாளர் குழந்தைக்குப் பாடம் நடத்தவில்லை. வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மையைக் கொண்டுவந்து, தாய் எப்படி அதைக் காட்டி விளையாடலாம் என்று செய்து காட்டி, தாயைச் செய்யவைத்து, நன்றாகச் செய்தால் பாராட்டிவிட்டுப் போனார். 22 வயதில் 105 பேரைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, வருகை கிடைத்தவர்களின் வருவாய் 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வளர்ச்சி குன்றாத அண்டைவீட்டுக் குழந்தைகளின் அளவை அது எட்டிவிட்டது. பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்டகாலப் பயன் காணப்படவில்லை.

சிறிய ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். கொலம்பியாவில் 96 ஊர்களில் 1,420 குழந்தைகளிடம் இதே முறையைப் பெரிய அளவில் செய்தபோது, 18 மாத முடிவில் அறிவுத்திறன் கூடியது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்த ஆதாயம் தங்கவில்லை.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். அதே ஜமைக்காவில் 1989-இல் வெளியான மற்றொரு சோதனை, வருகையின் இடைவெளியையே ஆராய்ந்தது. வாரம் ஒருமுறை சென்ற வீடுகளில் பயன் தெளிவாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் சிறிது. மாதம் ஒருமுறை சென்ற வீடுகளில் ஒன்றும் இல்லை. எனவே 40 பெயர் கொண்ட பட்டியலை முதல் ஆண்டுக்குப் பத்தாகக் குறைத்துக்கொண்டு, ஆளுக்கு ஐந்து வீடுகளுக்கு வாரந்தோறும் செல்லுங்கள். கிளம்பும்போது பொம்மையைக் கையோடு எடுத்து வந்துவிடாதீர்கள். கிங்ஸ்டனில் அதை வீட்டிலேயே விட்டுவைத்து, அடுத்த வாரம் புதிதாக ஒன்றைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொண்டார்கள்.